முன்கூட்டியே சொல்லும் பின்சக்கரம்

சக்கரத்தின் நடுவே அச்சாக, சச்சரவின் நடுவே சாந்தமாக வீற்றிருக்கும் நடுவர் அம்மா அவர்களே! ஓட்டுநர் பள்ளி நடத்தி, பாதிப் பேருக்குக் கிளட்சையும் மீதிப் பேருக்குப் பொறுமையையும் கற்றுக்கொடுத்த உங்கள் கரங்களுக்கு என் முதல் வணக்கம். எனக்கு முன் பேசி, எனக்கென்று ஒரு வாக்கியம்கூட மிச்சம் வைக்காமல் போன எதிரணி வித்தகர்களே! நான் என்ன பேசப்போகிறேனோ என்று இப்போதே என்னை ஓரக்கண்ணால் பார்க்கும் என் அணித் தலைவரே! முழங்கால் வலியை முன்வரிசையில் நீட்டி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மடியில் ஒன்றும் மனதில் ஒன்றுமாகப் பிள்ளைகளைச் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் அன்பர்களே! பின்னால் நிற்பவர்களை மதிக்காமல் இன்றைய தலைப்பைப் பேச முடியுமா? உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

தொடங்குமுன் ஒரு விண்ணப்பம். மூன்றாம் வரிசையின் ஓரத்தில், என் கணவரின் தோளில், என் மகள் தூங்குகிறாள். அவளைத் தூங்க வைத்த கதையைச் சொன்னால் இன்றைய நேரம் முழுதும் அதற்கே போய்விடும். ஆகவே, கைதட்டத் தோன்றினால் தட்டாதீர்கள். கையை மேலே தூக்கி அசையுங்கள், போதும். ஆகா! பேச்சு தொடங்கும் முன்பே அசைத்துவிட்டீர்களே! இந்த மேடையிலிருந்து பார்த்தால் அரங்கமே ஆழத்தில் ஆடும் நீர்ப்பாசி போலிருக்கிறது. சத்தமில்லாத பாராட்டு இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

தலைப்புக்கு வருகிறேன். ஸ்போர்ட்ஸ் காருக்கு உகந்தது பின்சக்கர இயக்கமா, நான்கு சக்கர இயக்கமா? கார் பிரியர் சங்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. எஞ்சினின் பலம் பின்னால் இருக்கும் இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் போனால் அது பின்சக்கர இயக்கம். பின்னிரண்டு தள்ளும், முன்னிரண்டு திரும்பும். அந்தப் பலத்தை நான்குக்கும் பங்கிட்டுக் கொடுத்தால் அது நான்கு சக்கர இயக்கம். என்னை நான்கு சக்கர அணியில் போட்டவர் நம் செயலாளர். "கைக்குழந்தைக்காரம்மா வேற எந்தப் பக்கம் பேசுவாங்க?" என்றாராம். நியாயம்தானே?

ஆனால் எனக்கு இது வெறும் பட்டிமன்றம் அல்ல. இரண்டாம் வரிசையில் கார் விற்பனையாளர் அமர்ந்திருக்கிறார். அவர் சட்டைப்பையில் இரண்டு சாவிகள். ஒரே மாதிரிக் கார், ஒரே நிறம், மழைக்கு முந்தைய மேகத்தின் சாம்பல். ஒன்று பின்சக்கரம், ஒன்று நான்கு சக்கரம். இரண்டில் ஒன்று நாளைக் காலை என் வாசலுக்கு வர வேண்டும். எது என்று இன்னும் யாரிடமும் நான் சொல்லவில்லை. கணவரிடமும்!

திருமணத்துக்கு முன், இந்தச் சங்கத்தின் மலைப்பாதைப் பந்தயங்களில் எனக்குக் 'குட்டிப்புயல்' என்று பெயர். வளைவு வந்தால் என் வாய் தானாகச் சிரிக்கும். அந்தப் புயல் எங்கே போயிற்று? கடலுக்குப் போயிற்றா, கரைக்குப் போயிற்றா? பின்சீட்டுக்குப் போயிற்று ஐயா, பின்சீட்டுக்கு! மகள் பிறந்த பிறகு ஸ்டீயரிங்கை நான் தொடவே இல்லை. கணவர் ஓட்டுவார். நான் பின்னால், குழந்தை இருக்கையின் பக்கத்தில், அவள் பாதத்தைப் பிடித்தபடி உட்காருவேன். கை அவள் பாதத்தில். என் பாதமோ தரையில். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தால் அழுத்துவேன். சாலையோரத்து நாய் கொட்டாவி விட்டால் அழுத்துவேன். ஒன்றுமே இல்லாவிட்டால், ஏன் ஒன்றுமே இல்லை என்று அழுத்துவேன்!

ஒருநாள் கணவர் கேட்டார்: "ஏம்மா, என் பிரேக் தேயல. பின்னாடி கிடக்குற மிதியடி தேஞ்சு ஓட்டையாயிடுச்சு. அங்க ஒரு பிரேக் இருக்குன்னு யாரு உனக்குச் சொன்னா?"

"இல்லன்னு எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியலையே."

அவர் சிரிக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீ ரொம்ப நாளா ஆசைப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிடலாம். ஆனா ஓட்டப்போறது நீதான். எதுன்னு நீயே முடிவு பண்ணு."

அவர் தங்கை, என் நாத்தனார், சும்மா இருப்பாளா? "அண்ணி, பந்தயக் காருல டயப்பர் பையை எங்க வைப்பீங்க? கூரைமேல கட்டிக்கிட்டுப் பறப்பீங்களா?"

"உன் வாயில வச்சுடறேன்டி. வீட்டுலயே அங்கதான் தாராளமா இடம் இருக்கு."

வாயாடினாலும், பின்னால் இருக்கும் சின்ன இருக்கையில் குழந்தை இருக்கை பொருந்துமா என்று அளந்து பார்த்துச் சொன்னவள் அவள்தான். அதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போனதும் கேட்பாள்.

நான் உடனே சொன்னேன்: நான்கு சக்கரம்! நான்கு காலும் ஊன்றிய கட்டில் ஆடுமா? ஈரச் சாலையில் இரண்டு கை பிடிப்பது பலமா, நான்கு கை பிடிப்பது பலமா? எத்தனை வசதியான வாதம்! அதே வாதத்தைத்தான் இன்றைக்கும் எடுத்துக்கொண்டு இந்த அணியில் வந்து அமர்ந்தேன்.

ஆனால், அன்பர்களே, மதிய வேளைகள் என்று ஒன்று இருக்கிறதே! தொட்டிலை ஆட்டிக்கொண்டிருப்பேன். அதில் கிடப்பவளுக்கு வராத உறக்கம் ஆட்டுகிற கைக்கு வரும். கண் பாதி மூடும். அந்தப் பாதிக் கண்ணுக்குள் ஒரு சாலை விரியும். கல் இல்லை, கம்பம் இல்லை, கரையே இல்லை. மழை விட்ட பின் மிச்சமிருக்கும் மினுக்கம் மட்டும். நான் ஓட்டுகிறேன்; என் கையில் இருப்பதோ தொட்டில் கயிறு. வளைவு வருகிறது. கார் மெல்ல, மிக மெல்ல, ஒருக்களித்துத் திரும்புகிறது. விழித்துப் பார்ப்பேன். தொட்டிலில் மகள் ஒருக்களித்துப் படுத்திருப்பாள். எது எதை அசைத்தது? தொட்டில் காரை அசைத்ததா, கார் தொட்டிலை அசைத்ததா?

என்ன கேட்கிறீர்கள்? கனவில் வந்தது பின்சக்கரமா, நான்கு சக்கரமா என்றா? காருக்கு அடியில் குனிந்து பார்ப்பதற்குள் மகள் பால் கேட்டுவிடுகிறாள் ஐயா!

போன ஞாயிறு நம் சங்கத்தின் ஈரக்களம். தாய்மார்கள் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரிய சிமெண்ட் திடல். தண்ணீர் லாரி ஒன்று வந்து அதைக் கண்ணாடியாக்கிவிட்டுப் போகும். பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாருடைய காராவது கைமீறி முழுச் சுற்றுச் சுற்றிவிட்டால், ஒருவரும் திட்டக் கூடாது. சுற்றி நிற்கும் கார்கள் அத்தனையும் ஹாரன் அடித்து வாழ்த்த வேண்டும். சறுக்கியவரை வாழ்த்துகிற சபை உலகில் வேறெங்காவது உண்டா?

விற்பனையாளர் இரண்டு கார்களையும் கொண்டுவந்திருந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடையின் கீழ் கணவர், தோளில் மகள், பக்கத்தில் நாத்தனார். சீட் பெல்ட்டை மாட்டும்போது என் விரல்கள் அதன் வாயைத் தேடித் தேடித் தவறின. எத்தனை காலத்துக்குப் பிறகு முன்சீட்டு!

முதலில் நான்கு சக்கரம். மிதித்தேன். தயங்கவில்லை, தடுமாறவில்லை, தண்ணீர் என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஈரமா? எங்கே ஈரம்? என் பயமெல்லாம் பஞ்சாய்ப் பறந்தது. வேகத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். கூம்புகள் வந்தன. பிரேக்கை அழுத்தித் திருப்பினேன்.

திரும்பவில்லை.

உதறவில்லை, உலுக்கவில்லை, ஒரு முனகல்கூட இல்லை. தூக்கத்தில் நடப்பவர் போல நேராகப் போய், கூம்புகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துவிட்டு, அவற்றுக்கு அப்பால் அமைதியாக நின்றது. நான் கண்ணாடியில் குடையைப் பார்த்தேன். குடை அசையவில்லை; நடந்தது தவறு என்று அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை.

யோசியுங்கள் பெரியோர்களே! புறப்படும்போது நான்கு சக்கரமும் இழுக்கும், உண்மை. வளைவு முடிந்து வேகமெடுக்கும்போது நான்கும் கைகொடுக்கும், அதுவும் உண்மை. நிற்கும்போது? எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும்தானே பிரேக்! அங்கே நம்மைப் பிடித்து நிறுத்துவது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பர். அதில் இரண்டு காரும் சமம். கிளம்பின சுகத்தைப் பார்த்து, நிற்கிற சுகமும் கூடவே வரும் என்று நம்பினேனே, அதுதான் என் பிழை. இந்த அரங்கில் நான்கு சக்கரம் வாங்கிய எத்தனை பேர் அந்த நம்பிக்கையோடு ஓட்டுகிறீர்கள்? கையை அசைக்க வேண்டாம், மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பின்சக்கரம். மிதித்தேன். மிதித்த மாத்திரத்தில், என் இடுப்புக்குக் கீழே ஒரு நெளிவு.

தாய்மார்களே, இனி நான் உங்களிடம் மட்டும் பேசுகிறேன். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை எடுத்த எடுப்பிலேயே அழுமா? அழாது. முதலில் ஒரு நெளிவு. பிறகு உதட்டில் ஒரு பிதுக்கம். அதன் பிறகுதான் அழுகை. அந்த முதல் நெளிவிலேயே முதுகில் கை வைத்தால்? திரும்பத் தூங்கிவிடும்! என் கால் ஆக்சிலரேட்டரில் தானாக இளகியது. பின்பக்கம் சறுக்கிய திசையிலேயே என் கை ஸ்டீயரிங்கைத் தானாகத் திருப்பியது. கார் நேரானது. மறுபடி மிதித்தேன், மறுபடி நெளிந்தது, மறுபடி தட்டிக்கொடுத்தேன். தூங்கிவிட்டது அம்மா, தூங்கிவிட்டது!

மூன்றாம் முறை பேராசை. வானம், கூம்பு, குடை, கணவர், வானம்! முழுச் சுற்று. ஹாரன்கள் அலறின. அந்த அலறலில் மகள் விழித்துக்கொண்டாள். நாத்தனார் கத்தினாள்: "அண்ணி! அழுவாள்னு பார்த்தா உங்க பொண்ணு கையத் தட்டிச் சிரிக்கிறா! இன்னொரு தடவை சுத்துங்க!"

கணவர் முகம் வெளுத்திருந்தது. காருக்குள் குனிந்து கேட்டார்: "பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஆனா சொல்லிட்டு வந்துச்சுங்க."

"அந்தக் கார்ல?"

"அதுல பயமே வரல. அதான் பயமா இருக்கு."

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவ்வளவு நேரமும் என் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடவே இல்லை. இருக்கிற பிரேக் அதன் கீழேயே இருந்தது.

அணித் தலைவர் எழுந்துவிட்டார். என்ன சொல்கிறீர்கள் தலைவரே? "ஏம்மா, நம்ம பக்கம் பேசும்மா!" பேசுகிறேன், பேசுகிறேன். பனியும் சேறும் படிந்த பாதையில் அன்றாடம் போகிறவர் நான்கு சக்கரம் வாங்கட்டும். செங்குத்து ஏற்றத்தில் வீடு கட்டியவர் வாங்கட்டும். நெளிவைத் தணிக்கப் பழக நேரமில்லாதவர் வாங்கட்டும். நல்ல டயரையும் சேர்த்து வாங்கட்டும்! போதுமா? கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்.

விற்பனையாளரும் கை தூக்குகிறார். "மேடம், ரெண்டு கார்லயும் சறுக்கலைத் தடுக்குற கருவி இருக்கு, அதையும் சொல்லிடுங்க." சொல்லிவிடுகிறேன் ஐயா. களத்தில் அதை அணைத்து வைத்தோம். சாலையில் அது விழித்திருக்கும். ஆனால் வாசலில் காவல்காரர் இருக்கிறார் என்பதற்காக, உள்ளே தாய் காதை மூடிக்கொள்வாளா?

எது பாதுகாப்பு? சொல்லுங்கள், எது பாதுகாப்பு? ஆபத்தை என்னிடமிருந்து மறைத்து வைப்பதா? அடங்கிக் கிடப்பதாக நடித்து, அடி விழும்போது மட்டும் வாய் திறப்பதா? நான் ஏற்கெனவே பயந்தவள். காய்ச்சல் இல்லாத நெற்றியையும் தொட்டுப் பார்ப்பவள். மூச்சு சீராக வரும் மூக்கின் கீழும் விரல் வைத்துப் பார்ப்பவள். எனக்குப் பயமே இல்லாத வண்டி வேண்டாம். பயத்தை முன்கூட்டியே என் காதில் சொல்லும் வண்டி வேண்டும். என்னைத் தூங்க வைக்கிற வண்டி வேண்டாம்; என்னை விழித்திருக்கச் செய்கிற வண்டி வேண்டும். நான் நான்கு சக்கரம் கேட்டேனே, எதற்காக? வண்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும், நான் பின்சீட்டிலேயே பாதத்தைப் பிடித்தபடி இருந்துவிடலாம் என்றுதானே? பாதத்தைப் பிடித்த கைதான் பாதையையும் பிடிக்க வேண்டும் என்று, ஈரத் தரையில் ஒரு சாம்பல் நிறக் கார் எனக்குச் சொல்லிவிட்டது!

நடுவர் அம்மா மணியைத் தூக்கினார். அடிக்காமல் மெல்லக் கீழே வைத்துவிட்டார். குழந்தைக்காகவா? நன்றி அம்மா.

ஆகவே, இந்த நாற்காலியிலிருந்து அந்த நாற்காலிக்குப் போகிறேன். எதிரணியினரே, சற்று நகர்ந்து உட்காருங்கள். மேடையில் அணி மாறுவது உலகத்துக்குப் புதிதா என்ன? பணப்பெட்டி வாங்காமல் மாறுவதுதான் புதிது! விற்பனையாளரே, பின்சக்கரச் சாவியை எடுத்து வையுங்கள். என்னங்க, மூன்றாம் வரிசைக்காரரே, நாளைக் காலை நான் முன்னால். நீங்கள் பின்னால், அவள் பாதத்தைப் பிடித்தபடி. அந்த ஓட்டை மிதியடியையும் எடுத்துவந்து உங்கள் காலடியில் போட்டுவிடுகிறேன். முதல் வளைவிலேயே தேவைப்படும்.

அதோ... நெளிகிறாள். பதறாதீர்கள், நேரம் இருக்கிறது. இந்த நெளிவுக்கும் அழுகைக்கும் இடையே இருக்கும் சின்ன இடைவெளியில் ஒரு காரை நேராக்கிவிடலாம். ஒரு சபைக்கு நன்றி சொல்ல முடியாதா? அடிக்காத மணிக்கு நன்றி. கோபித்துக்கொண்டு தண்ணீர் குடித்த தலைவருக்கு நன்றி. கேட்காமலே அளந்து பார்த்த நாத்தனாருக்கு நன்றி. இவ்வளவு நேரமும் ஓசையின்றிக் கையசைத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. உதடு பிதுங்குகிறது... கண்ணைத் திறந்துவிட்டாள்... என்னைத்தான் பார்க்கிறாள்.

அன்பர்களே, இனி நீங்கள் தாராளமாகக் கைதட்டலாம். அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். வணக்கம்!