இடுப்பில் கட்டிய கொடி

"கழட்டுங்க! படங்கக் கழட்டுங்க! ஓடுங்க!"

எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கத்துகிறார். செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகால். கீழ்ப் பாதையில் இரண்டு ஜீப்புகளின் இரைச்சல். பதினோரு பெண்கள் தேயிலைச் செடிகளுக்கிடையே ஓடுகிறோம். கொழுந்துக் கூடை முதுகில் அடிக்கிறது. மாரியாத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டே இடுப்பில் சுற்றிய படங்கின் முடிச்சை இழுக்கிறேன். அவிழவில்லை.

குண்டு விழவில்லை. ஆனாலும் அது சண்டைதான். அம்மன் சாட்சியாக எழுதுகிறேன். இரண்டு பெரிய நாடுகள். ஒன்று எங்கள் தேயிலையை வாங்குகிறது. மற்றது எங்களுக்கு இலவசமாக அரிசி கொடுத்தது. ஒன்றுக்கொன்று ஆகாது. இலங்கை யார் பக்கம் என்று போட்டி.

அரிசி வந்த அன்றே எனக்குச் சந்தேகம். சாக்கு முழுக்க அவர்கள் நாட்டுக் கொடி அச்சடித்திருந்தது. மூட்டையைத் தலையில் வைத்து எங்களைப் படம் எடுத்தார்கள். சும்மா கொடுக்கிறவன் எதற்குப் படம் எடுக்கிறான்? முதல் பிடியை அம்மனுக்குப் பொங்கி வைத்தோம். பிறகுதான் சாப்பிட்டோம்.

சாக்கு நல்ல கெட்டி. செடி குத்தாமல், பனியில் சேலை நனையாமல் இருக்க இடுப்பில் படங்கு வேண்டும். எல்லாரிடமும் கிழிசல்தான். நான்தான் சாக்குகளைப் பிரித்தேன். நான்தான் பதினொன்று தைத்தேன்.

பக்கத்து வீட்டு ராசம்மா கட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அரிசி வயித்துக்குள்ள. கொடி வயித்துக்கு மேல. நம்மள முழுசா வாங்கிட்டாங்கக்கா!"

அந்தச் செவ்வாய் வந்தவர்கள் தேயிலை வாங்கும் நாட்டுக்காரர்கள். அவர்கள் வாங்கினால் தோட்டத்தில் எங்கள் மேல் டிவிசன் நடக்கும். இல்லாவிட்டால் மூடுவோம் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருந்தார்.

பத்து இருபது. ஜீப்புகள் நின்றன. பத்துப் படங்கு அவிழ்ந்துவிட்டது. என்னுடையது மட்டும் இடுப்பில். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அதையே பார்க்கிறார். பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ சொல்கிறார். ஜீப்புகள் திரும்புகின்றன. கொழுந்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எரிங்கம்மா! எல்லாத்தையும் எரிங்க!" என்றார் கண்டாக்கு ஐயா. பத்தையும் எரித்தோம். என்னுடையதைக் கத்தியால் அறுத்தெடுத்தேன். கூடைக்குள் மறைத்தேன். பன்னிரண்டு மணிக்குத் தேயிலை ஸ்டோர் சங்கு ஊதியபோதும் தீ புகைந்தது.

நாங்கள் எரித்ததை யாரோ போனில் படம் எடுத்திருக்கிறார்கள். படம் கொழும்புவரை போனது. அடுத்த மாதம் அரிசி லொறி வரவில்லை. "கொடிய எரிச்சவங்களுக்கு அரிசி இல்லையாம்" என்றார் கண்டாக்கு ஐயா. தேயிலைக்கும் ஆள் வரவில்லை.

அன்று மலைக்குப் போன் கொண்டுவந்தவள் ராசம்மா. கேட்டேன்.

"என்னையா சந்தேகப்படுறீங்க? சாக்கத் தச்சது யாருக்கா?"

கதவைச் சாத்தினாள். கண்டாக்கு ஐயாவிடமும் போன் இருந்தது. அது எனக்குப் பிறகுதான் நினைவு வந்தது.

மேல் டிவிசன் மூடிவிட்டது. நாங்கள் குடியிருக்கும் லயத்தில் பதினான்கு வீடு. ஒன்பதில் பூட்டு. ராசம்மா குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டாள். சொல்லிக்கொள்ளவில்லை. படங்கு பதினொன்று. பத்து சாம்பல்.

மிச்சம் ஒன்று. கீழ் டிவிசனுக்கு வேலைக்குப் போகும்போது கட்டுகிறேன். வேறு இல்லை. கொடிப் பக்கத்தை உள்ளே திருப்பிவிடுகிறேன். அன்றைக்கு எங்கள் பதினோரு பேரில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை.