பதினோராம் குழாய்

— இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமே அண்ணி. தண்ணி இறங்கும்.

— மூணு மணி நேரமா பாத்துட்டேன். கேஸ் வந்தா குடுவைத் தண்ணியைக் கீழ தள்ளணும், இது வெச்ச கோட்டுலயே நிக்குது. பத்தாம் குழாயில வந்த கடலடி மண்ணு ஒன்றரை லிட்டர் கேஸ் விட்டுச்சு. பன்னெண்டு அதுக்கும் மேல. நடுவுல இருக்கிற பதினொன்னு மட்டும் நல்ல பிள்ளையாட்டம் உக்காந்திருக்கு.

— கடலுக்கடியில எல்லா இடமும் ஒன்னு போலவா இருக்கும்?

— இருக்காதுதான். கிட்ட வந்து இந்த மண்ணைப் பாரு. குறுக்க குறுக்க வெடிச்சிருக்கா?

— ம்.

— உள்ள கேஸ் இருந்திருக்கு. கிழிச்சுக்கிட்டு வெளிய போயிருக்கு. கடலடியில இருந்த அழுத்தத்தோடயே மூடி எடுத்துட்டு வரணும்னுதானே உங்க கப்பலுக்கு இத்தனை தடிமனா குழாய் கொடுத்திருக்கு? மத்ததெல்லாம் இங்க வந்தப்ப அழுத்தம் காட்டுற முள்ளு இருபதுல நின்னுச்சு. இது பூஜ்யம்.

— வால்வு கசிஞ்சிருக்கும்.

— சோப்புத் தண்ணி தடவிப் பாத்தேன். ஒரு குமிழி வரல. யாரோ திறந்து விட்டுட்டு, திரும்ப மூடி, சீட்டுல 'நல்ல நிலை'ன்னு எழுதியிருக்காங்க. டீ ஆறுது, குடி.

— வேணாம் அண்ணி.

— நாலு மணிக்கு, கடல்ல துளை போடுற மேடைக்காரங்க போன்ல கூப்பிடுவாங்க. மேடையோட ஒரு கால் சரியா பதினொன்னு எடுத்த இடத்துலதான் இறங்குது. அங்க கேஸ் இல்லைன்னு நான் சொன்னா இறக்கிடுவாங்க. கேஸ் இருக்கிற மண்ணு பாரம் ஏற ஏற விட்டுக் கொடுக்கும். மேல அறுபது பேர்.

— பத்தையும் பன்னெண்டையும் மட்டும் வெச்சு ஒரு கணக்கு சொல்ல முடியாதா?

— பதினொன்னு எங்கன்னு கேப்பாங்க. பத்து நாளா கடல்ல காத்துக் கிடக்கிறவங்க. காரணம் எழுதி, பேர் போட்டாத்தான் இன்னொரு குழாய் எடுக்க விடுவாங்க.

— அப்ப என் பேரைப் போடுங்க.

— என்ன சொல்ற?

— நான்தான் திறந்தேன். வெயில்ல குழாய் சூடாகி, முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டிருச்சு. வெடிச்சிடும்னு பயந்துட்டேன். அதான் விஷயம்.

— அப்பவே ஏன் சொல்லல?

— கப்பல் தளத்துல நான் ஒருத்திதான் பொம்பளை. பயந்தாங்கொள்ளின்னு ஒரு தடவை பேர் வாங்கினா போதுமே.

— பயந்தது தப்பில்ல. மறைச்சதுதான் தப்பு. இதைச் செஞ்சவங்க இனி குழாய் பக்கமே வரக்கூடாதுன்னு எழுதப் போறேன். நாத்தனாராச்சேன்னு ஒரு எழுத்துகூடக் குறைக்க மாட்டேன்.

— குறைக்காதீங்க.

— சரி. இந்தா பேனா. வால்வை எத்தனை சுத்து திறந்த? அதையும் எழுது.

— எத்தனை சுத்துன்னு... நான் பாக்கல அண்ணி.

— திறந்தவளுக்குத் தெரியாதா?

— நான் குழாயைக் கட்டிப் பிடிச்சிருந்தேன். விட்டா உருண்டு போய் யார் மேலயாவது மோதும். 'விட்டுட்டு ஓடு'ன்னு கத்தினார். நான் விடல. அதனால அவரே ஓடி வந்து...

— யாரு?

— போன் அடிக்குது அண்ணி. நாலாயிடுச்சு.

— யாருன்னு கேட்டேன்.

— என்னைக் காப்பாத்தத்தான் செஞ்சார். சீட்டுல எழுதினதும் அவர்தான். 'அண்ணிகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ வாயைத் திறக்காதே'ன்னார். ரெண்டு நாளா வீட்லதானே இருக்கார், சொல்லலையா?

— இல்ல.

— அண்ணி, போன்...

— ஹலோ. லேப்தான் பேசறேன். மேடைக் காலை இறக்காதீங்க. பதினொன்னு செல்லாது, இன்னொரு குழாய் எடுக்கணும். கப்பல்லயே கேஸைத் திறந்து விட்டிருக்காங்க. யாருன்னு தெரியும், எழுதிக்குங்க. தளத்து மேஸ்திரி. ஆமா, என் வீட்டுக்காரர்தான்.