அவன் எண்ணிக்கொண்டிருந்தான்

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிடச் சொல்லுங்கள், ஐயா. பிப்ரவரி மாதத்து ரோமாபுரிக் காற்று தொண்டைக்கு ஆகாது. நான் காலையில் ஒரு கரண்டி தேன், மாலையில் வெந்நீர், இதற்கு மேல் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. பதினெட்டு வருடமாகக் குரலை விற்றுச் சாப்பிடுகிறவன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

என் பெயர் எவரிஸ்தோ தெபாங்கர். வயது ஐம்பத்து மூன்று. உயரம், பார்க்கிறீர்களே, சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எங்கள் தெரு ரொட்டிக் கடையில் என்னை யாருக்கும் தெரியாது. ஆனால் வரிசையின் கடைசியில் நின்று "ரெண்டு ரொட்டி" என்று நான் சொன்னால் முன்னால் நிற்கும் பெண்கள் சட்டென்று திரும்புவார்கள். அவர்கள் கண் எனக்கு மேலே, ஓர் ஆறடி உயரத்தில், யாரையோ தேடும். அவர்கள் தேடுவது நடிகன் ஸ்வோனிமிரை. அவனுக்குக் குரல் கொடுத்தவன் நான். ஆறு படங்கள். நீங்கள் கேட்கும் 'உப்பு மணமகன்' ஏழாவது.

எங்கள் தொழிலில் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு கிடையாது. எல்லாம் பிறகு ரோமில், இருட்டறையில். அதனால் கேமரா முன்னால் அவரவர் தங்கள் பாஷையில் எதையாவது பேசுவார்கள். வசனம் மறந்தால் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். வாய் அசைந்தால் போதும், யாரும் காது கொடுப்பதில்லை. ஸ்வோனிமிர் ரியேகாக்காரன், குரோவாத்திய பாஷைதான் பேசுவான். காதல் காட்சியில் கதாநாயகியின் கன்னத்தைத் தொட்டு, "மத்தி ஒரு கிலோ, வெங்காயம் ரெண்டு, தக்காளியை மட்டும் கடைசியில போடு" என்று உருகுவான். அவளும் கண் கலங்குவாள். நான் அவன் ஊருக்குப் பக்கத்தில் போலாவில் பிறந்தவன், அந்தப் பாஷை தெரியும். கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவன் உண்மையில் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் நோட்டில் எழுதுவேன். அப்போதுதான் பிறகு உதட்டுக்குப் பொருந்துகிற வசனம் வைக்க முடியும். மற்ற நடிகர்கள் மென்று விழுங்குவார்கள். அவன் உதடு மட்டும் அச்சடித்த எழுத்து மாதிரி. ஏன் அப்படி என்று ஆறு படத்திலும் நான் யோசித்ததில்லை.

போன மே மாதம் ஸ்பெயினில், அல்மெரியாவில் படப்பிடிப்பு. டைரக்டர் கல்வானியை எல்லோரும் மேஸ்ட்ரோ என்போம். அவருக்குக் கனவில் வந்ததெல்லாம் படத்தில் வர வேண்டும். சுடப்பட்டவன் நெற்றியிலிருந்து ரத்தத்துக்குப் பதில் மணல் கொட்டியது. பதினாறு கொள்ளைக்காரர்கள், பதினாறு பேருக்கும் வெள்ளைக் கல்யாண உடை, கையில் ஆளுக்கொரு குருவிக்கூண்டு. எனக்கு அதெல்லாம் பழக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடுதியில் வறுத்த கணவாய் சாப்பிடும்போது ஸ்வோனிமிர் திடீரென்று இத்தாலிய பாஷையில் பேசினான். நல்ல உச்சரிப்பு. கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான்.

"எப்படி இருக்கு, கிழவா? ஒரு வருஷமா வாடகை வீட்டுக்காரம்மாகிட்ட படிச்சேன்."

"நல்லாத்தான் இருக்கு. எதுக்கு?"

"இந்தப் படத்துக்கு நானே பேசப் போறேன். தயாரிப்பாளர்கிட்ட பேசியாச்சு. என் குரல் எப்படி இருக்கும்னு எனக்கே மறந்துபோச்சு, போ."

"அடுத்த படத்துலேர்ந்து வச்சுக்கலாமே, ஸ்வோனே. இதுல மட்டும் நான் பேசிடறேன்."

"எல்லாப் படத்துக்கும் இதையேதான் சொல்லுவே நீ." என் தோளில் தட்டினான். "கவலைப்படாதே. இதுல ஒரு கழுதை வருதுல்ல? அதுக்கு இன்னும் ஆள் கிடைக்கலையாம்."

மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். என்னைவிட நல்ல மனிதன் அவன், அதில் சந்தேகமில்லை. கேலிக்குச் சொன்னதை மறுநாளே மறந்துவிட்டான்.

நான்தான் மறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவனிடம் கெஞ்சினேன். ஒப்பனை வண்டிக்குப் பின்னால், குதிரைக் கொட்டடியில், ஒரு தரம் முழங்காலிட்டுக்கூட. "எழுந்திரு கிழவா, துணி அழுக்காகுது" என்றான். என் நிலைமை உங்களுக்குப் புரிய வேண்டும், ஐயா. மேடையில் இந்த உருவத்துக்கு யாரும் வேஷம் தரவில்லை. இருட்டறையில் மட்டும்தான் எனக்கு ஆறடி உயரம். அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ரொட்டிக் கடையில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கிழவன்.

வெள்ளிக்கிழமை, நல்ல வெயில். வறண்ட ஆற்றில் கதாநாயகனைக் கழுத்துவரை புதைக்கும் காட்சி. மணலுக்குள் ஒரு மரப்பெட்டி. அதற்குள் அவன் நிற்பான், கழுத்தளவு ஓட்டை போட்ட மூடிமேல் மணலைத் தூவிவிடுவார்கள். தலையைச் சுற்றிச் சோளம் இறைத்து, பட்டினி போட்ட சேவல்களை விடுவார்கள். பக்கத்தில் ஒரு பியானோ, அதைக் கொள்ளைக்கூட்டத் தலைவன் வாசிப்பான். பியானோ முதலில் தள்ளித்தான் இருந்தது. கேமராச் சட்டத்துக்குள் வரவில்லை என்று மேஸ்ட்ரோதான் நெருக்கி வைக்கச் சொன்னார். அதில் என் பங்கு ஒன்றுமில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

கேமரா ஓடத் தொடங்கியதும் ஸ்வோனிமிர் வழக்கம்போல எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்றில் நிறுத்தினான். பியானோவின் பாரத்தில் பெட்டியின் பக்கப்பலகை விட்டுக்கொடுத்துவிட்டது, அது பிறகு தெரிந்தது. மேலே ஒரு அடையாளமும் இல்லை. உள்ளே மணல் இறங்கி அவன் மார்பை இறுக்கிக்கொண்டிருந்தது. பியானோ ஒரு பக்கம், காற்று விசிறி ஒரு பக்கம், சேவல்கள் ஒரு பக்கம், நடுவில் மேஸ்ட்ரோவின் கத்தல். அவன் குரல் தேய்ந்து வந்தது. ஆனால் உதடு தெளிவாக இருந்தது.

நான் எழுதினேன். என் நோட்டு உங்கள் மேஜையில்தான் இருக்கிறது, அறுபத்தோராம் பக்கம். 'பலகை உடைஞ்சிருச்சு. மார்பு நசுங்குது. வெளியே இழு. எவரிஸ்தோ, சொல்லு அவங்ககிட்ட.' ஒரு சொல் விடவில்லை. விட்டிருந்தால் வேலையில் குற்றம் சொல்லலாம்.

மேஸ்ட்ரோ கேட்டார், "அபாரமா பண்றான். என்ன சொல்றான் அவன்?"

"எண்ணுறான், மேஸ்ட்ரோ" என்றேன். "நாப்பது தாண்டிட்டான்."

"நூறு வரைக்கும் எண்ணட்டும். யாரும் நிறுத்தாதீங்க."

பிலிம் சுருள் தீரும்வரை எடுத்தார்கள். வெளியே எடுத்தபோது மூச்சில்லை. விபத்து என்று எழுதிப் பெட்டியில் வைத்து ரியேகாவுக்கு அனுப்பினார்கள். படத்தை நிறுத்தவில்லை. அப்படி ஒரு முகம் இனிக் கிடைக்காது என்று மேஸ்ட்ரோ அந்தக் காட்சியை முழுதாக வைத்தார். குரலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

நீங்கள் என்னைக் கண்டுபிடித்த விதத்தைச் சொன்னீர்கள். ரியேகாவில் படம் வந்தபோது அவன் அம்மா நெவெங்கா முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாளாம். அவன் பிறப்பதற்கு முன்பே காது போனவளாம். அம்மாவுக்குப் புரிய வேண்டுமென்று சின்ன வயதிலிருந்தே உதட்டைத் திருத்தமாக அசைத்துப் பழகியிருக்கிறான். அரங்கமே என் குரலைக் கேட்டது. அவள் மட்டும் மகன் சொன்னதைப் பார்த்தாள். என் பெயர் உட்பட. மறுநாளே ரயிலேறி வந்து உங்கள் முன் நின்றாள். ஆக, இதுதான் விடை. அந்த உதட்டால்தான் எனக்கு ஆறு படம் சுலபமாக முடிந்தது.

அவளுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். நான் உதவப் போவதில்லை என்று அவனுக்கு ஒரு கட்டத்தில் புரிந்துவிட்டது. என்னிடமிருந்து கண்ணை எடுத்து, ஓரமாகத் தள்ளி உட்கார்ந்திருந்த மேஸ்ட்ரோ பக்கம் தலையைத் திருப்பி, படித்த இத்தாலிய பாஷையில் ஒரு சொல் சொன்னான். 'உதவி' என்று. கேமராவுக்கு அப்போது அவன் பிடரி மட்டும்தான் தெரிந்தது.

மேஸ்ட்ரோ காதைத் தீட்டினார். "இப்ப நம்ம பாஷையில என்னமோ சொன்னானே?"

"பழகிப் பாக்குறான், மேஸ்ட்ரோ. இனி சொந்தக் குரல்லதான் பேசுவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான்."

மேஸ்ட்ரோ சிரித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அப்போது நான் கையைத் தூக்கியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும். கடைசியில் முகத்தைத் திரும்ப என் பக்கம் கொண்டுவந்து அவன் சொன்னது என் பெயர். இருட்டறையில் அந்த இடத்துக்கு என்ன வைப்பதென்று மூன்று நாள் தவித்தேன். கடைசியில் 'உன்னை மன்னித்தேன்' என்று வைத்தேன். உதடு ஓரிடத்தில் ஒட்டாது. ஏழு படத்தில் அது ஒன்றுதான் பிசகு. ஆனால் அந்த இடத்தில் அரங்கம் அழுகிறது, நானே போய்ப் பார்த்தேன், ஐந்து தடவை.

அவன் என்னை மன்னித்துவிட்டான், ஐயா. இத்தாலி முழுக்கக் கேட்டிருக்கிறது. அந்த அம்மாவுக்கு மட்டும்தான் கேட்கவில்லை.