வாசலைப் பார்த்த ஷூ

ஆரியசாலை நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. முன் ஸீட்டில் இருந்த பெண் தன் அக்காவிடம் சொன்னது தெளிவாகவே கேட்டது.

"ஷூவைத் திருப்பி வச்சது அவரில்லக்கா. அன்னிக்கு அவர் ஜப்பான்லயே வேற ஊர்ல பாஸ்கெட்பால் ஆடிட்டிருந்தார்."

அவள் மடியில் ஜப்பானுக்குத் திரும்பிப் போவதற்கான விமான டிக்கெட் உறை இருந்தது.

"டீம் குடுத்த வீட்டுல நீ தனியாவா இருந்தே?"

"மேட்ச்னா ரெண்டு மூணு நாள் தனிதான். யாராவது வந்தா வீட்டுல ஆம்பள இருக்குன்னு நினைக்கட்டும்னு, அவரோட பெரிய ஷூவைக் கதவுக்கு உள்ள விடுவேன். அப்பா ஊருக்குப் போனா நம்ம அம்மாவும் செருப்பு வைப்பா, அல்லே? உள்ள பார்த்துத்தான் வைப்பேன். பூட்டிட்டுக் குளிச்சு வந்தா, வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும்."

"யார்ட்டயும் கேக்கலியா?"

"பக்கத்து வீட்டம்மாட்ட கேட்டேன். 'வந்தவங்க கிளம்பறதுக்கு எளுப்பமா இருக்கட்டும்னு வீட்டுக்காரங்க திருப்பி வைக்கிறது இங்க மரியாதை'ன்னு சிரிச்சாங்க."

அக்கா சிரிக்கவில்லை.

"அந்த வீட்டுல வேற யாருமில்லையேடி."

"அதுதான். நேத்து அவர் போன் பண்ணினார். அவர் ஷூ இப்பவும் தினம் வாசலைப் பார்த்துத் திரும்புதாம்."

பஸ் நகர்ந்தது. அவள் டிக்கெட் உறையை இரண்டாக மடித்தாள்.

"நான் அங்க விட்டுட்டு வந்த செருப்பு மட்டும், உள்ள பார்த்து இருக்காம்."