மேற்கே போன சூடு

— கொஞ்சம் நகருங்க, நானே மணியை அடிக்கறேன். லிஃப்ட் நின்னு எவ்வளவு நேரமாச்சு.

— அடிச்சாச்சுல்ல, வருவாங்க. மேலே போய் என்ன கிழிக்கப் போறோம்.

— என்ன கிழிக்கவா? குழு மொத்தமும் நமக்காகத்தான் உக்காந்திருக்கு. நாம ஆராயற கிரகத்தோட படத்தைப் பார்த்துட்டுத்தான் அடுத்த வருஷமும் விண்வெளித் தொலைநோக்கியை நமக்குத் தரலாமான்னு முடிவு பண்ணுவாங்க.

— தெரிஞ்ச கதைதானே. சாஞ்சு நில்லு, கால் வலிக்கும்.

— மூச்சு முட்டுதுங்க.

— ஃபேன் ஓடுது பாரு.

— லிஃப்டால இல்ல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். காலையிலதான் கவனிச்சேன்.

— சொல்லு.

— கிரகம் நட்சத்திரத்துக்குப் பின்னாடி போகும்போது எந்த ஓரம் எப்போ மறையுதுன்னு வச்சுத்தானே எங்க சூடுன்னு படம் போடறோம்.

— எனக்கே பாடமா?

— கேளுங்க. அந்தக் கோடியிலேர்ந்து வெளிச்சம் வந்து சேரச் சில நொடி பிந்தும், அதைக் கழிக்கணும். டேட்டாவைச் சுத்தம் பண்ணும்போதே நீங்க கழிச்சிருக்கீங்க. அது தெரியாம, படம் போடும்போது நானும் கழிச்சுட்டேன்.

— ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.

— எப்படிக் கேக்கறது? உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டா வந்தேன்னு ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்க. அடுத்த ரூம்லேர்ந்து ஃபைல் மட்டும்தான் வந்துச்சு.

— நீயும்தான் வாயைத் திறக்கல.

— இப்போ பாருங்க, ரெண்டு தடவை கழிச்சதுல படத்துல சூடு மேற்கே போயிடுச்சு. இந்த மாதிரி மத்த கிரகத்துலயெல்லாம் காத்து சூட்டைக் கிழக்கே தள்ளுது, நம்மளுதுல மட்டும் மேற்கேன்னு உலகம் பூரா தம்பட்டம் அடிச்சோம். இன்னைக்குச் சொன்னா சிரிப்பாங்க. மறைச்சா, அடுத்த வருஷம் அதே தொலைநோக்கி நம்மளைக் காட்டிக் குடுக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரு.

— ம்.

— என்ன ம்? குதிப்பீங்கன்னு நினைச்சேன். திட்டவாவது செய்யுங்க.

— ஹலோ, உள்ள இருக்கறவங்களே, லிஃப்ட் மெக்கானிக் பேசறேன். கேக்குதா?

— கேக்குதுங்க. மேலே எங்களுக்கு மீட்டிங், சீக்கிரம் சரி பண்ணுங்க.

— சரி பண்ண ஒண்ணுமில்லம்மா, மெஷின் நல்லாத்தான் இருக்கு. உள்ளேர்ந்து யாரோ சிவப்பு பட்டனை அமுக்கி நிறுத்தியிருக்கீங்க. வெளியே இழுத்து விட்டா ஓடும்.

— சிவப்பு பட்டனா? ஏங்க, அது உங்க முதுகுக்குப் பின்னாடில்ல இருக்கு.

— எனக்கு நேத்தே தெரியும்டி. மேலே போய் அந்தப் படத்தைக் காட்டக் கால் வரல.