அத்தைக்குச் சொல்லிக்கொடுத்த மூச்சு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டு இளைஞன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்: “மூச்ச நல்லா இழுங்க அத்தை. இப்ப மெதுவா விடுங்க.”

பக்கத்திலிருந்த அம்மாள், “அத்தைக்கு உடம்பு முடியலையா தம்பி?” என்றார்.

“நல்லாத்தாம்மா இருக்காங்க. என் பொண்டாட்டிக்குத் தலைப்பிரசவம், அம்மா வீட்டுல இருக்கா. பயப்படுறா. பிரசவத்துக்கு மூச்சு சொல்லிக்குடுக்குற கிளாஸுக்கெல்லாம் போவல. போன்ல பாத்து நான்தான் கத்துக்கிட்டேன். பிரசவ ரூம்ல ஆம்பளைய விடமாட்டாங்களாம். கூட நிக்கப்போறது அத்தை.”

“அவுங்களும் புள்ள பெத்தவங்கதானே. தெரியாதா?”

“ரெண்டு பிரசவத்துலயும் மூச்சப் புடிச்சிக்கிட்டே கெடந்தாங்களாம். அவதான் சொன்னா.”

“இப்ப என்ன சொல்றாங்க?”

அவன் போனைக் காதில் அழுத்திக்கொண்டான்.

“மாப்பிள்ளைகிட்ட பேச மாட்டாங்கம்மா, கூச்சம். மூச்சு மட்டும் விடுறாங்க.”