மாலை எடுத்தவ

அய்ய, அந்தக் கடை வேண்டாம்க்கா. ஏலக்கா பாக்கத்தான் பளபளன்னு இருக்கும், வாயில போட்டா மரத்தூளு. டூரிஸ்டுன்னு தெரிஞ்சா தலையில மொளகா அரைச்சிருவான். ஏறுங்க, ஏறுங்க. முந்தானைய உள்ள இழுத்துக்கிடுங்க, வீல்ல மாட்டிரப் போவுது.

எப்பிடி இருக்கு எங்க மட்டாஞ்சேரி? அதே, எல்லாரும் அதான் சொல்றாங்க, பழைய ஊரு, அழகான ஊருன்னு. அரண்மனை, யூதப் பள்ளி, சுக்கு மணக்கிற கிடங்கு, எல்லாம் கண்ணு நெறைய பாத்துட்டுப் போயிருவீங்க. மழைக்காலத்துல சாக்கடை வாசப்படி ஏறுமே, அதை எவனும் போட்டோ எடுக்குறதில்ல. என்னமோ போங்க. நான் பொறந்ததுலேருந்து இங்கதான். அப்பா தென்காசிக்காரரு, மூட்டை தூக்க வந்தவரு. கொச்சங்காடி அமுதவள்ளி ஆட்டோன்னா எல்லாருக்கும் தெரியும். என் தமிழ்ல பாதி மலையாளமா இருக்கும், கண்டுக்காதீங்க கேட்டோ.

ஆனா டிசம்பர் கடைசின்னா ஊரே கல்யாண வீடுதான். பப்பாஞ்சி பாத்தீங்களா? கோட்டு, தொப்பி, தாடி வெச்ச பெரிய பொம்மை. போற வருஷத்துக் கெழவன் அவரு. வருஷம் முடியுற அன்னைக்கு நிப்பாட்டிக் கொளுத்துவோம், புடிச்ச பீடையெல்லாம் அவரோட போச்சுன்னு. மைதானத்துல நிக்கிறது பெரிசு. தெருவுக்குத் தெரு சின்னதாவும் கட்டுவாங்க. எங்க தெருவுலயும் இப்பக் கட்டிக்கிட்டு இருக்காங்க, வாங்க காட்டுறேன். அட, ஹோட்டலுக்கு அப்புறம் போலாம்க்கா, என்ன அவசரம்.

முன்னாடி வந்திருக்கீங்களா இங்க? மொதத் தடவையா? சரி, சரி. சும்மாதான் கேட்டேன்.

இந்தப் பண்டிகையில ஹோம்ஸ்டே வெச்சிருக்கவங்க காட்டுல மழை. வேலை செய்யுற பொண்ணுங்க பாடுதான் பாவம். எங்க சித்தி மவ, மகான்னு பேரு, அப்பிடித்தான் ஒரு எடத்துல ரூம் பெருக்கப் போனா. மூணு வருஷமாச்சு. அப்பதான் தென்காசியிலேருந்து வந்திருக்கா, மலையாளம் சுத்தமா தெரியாது. கார்னிவல் பாக்க வந்த ஒரு அம்மாவோட சங்கிலியக் காணோம். ஓனர் சேட்டன் இவளை நிப்பாட்டிக் கேக்குறாரு, நீ மால எடுத்தோன்னு.

மலையாளத்துல மாலன்னா கழுத்துச் சங்கிலிக்கா. இவளுக்கு அது எங்க தெரியும்? மாலைன்னா இவளுக்குப் பூமாலை. அந்த ரூம்ல வாடுன சாமந்தி மாலை ஒண்ணு கெடந்திருக்கு, வந்தவங்களுக்குப் போட்டு வரவேத்தது. பெருக்கும்போது அள்ளியிருக்கா. ஆமா சார், நாந்தான் எடுத்தேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டா, லூசு. நல்லாப் பெருக்கியிருக்கேன்னு மெச்சப்போறாருன்னு நெனச்சாளாம்.

சிரிக்கிறீங்களா? இல்லையா, சரி. கண்ணாடியில அப்பிடித் தெரிஞ்சுது.

ஸ்டேஷன்ல சங்கிலி போட்டோவை மூஞ்சிக்கு நேரா நீட்டுனப்பதான் அவளுக்கே வெளங்குச்சு. மாங்கா பதக்கம், நடுவுல பச்சைக்கல்லு. அதுக்கப்புறம் நான் பூவைச் சொன்னேன், பூவைச் சொன்னேன்னு கதறுனா யாரு நம்புவா? அந்தம்மா கேஸு வேண்டாம்னுட்டுப் போயிருச்சு. பெரிய மனசாம், தூ! தெருவுல சின்னப் பிள்ளைங்ககூட கள்ளின்னு கூப்பிட்டுதுங்க. பேசி முடிச்ச மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அந்தப் பக்கமே வரல. இப்ப தோப்பும்படியில எறா உரிக்கப் போறா. அங்க எவளாவது ஒரு கம்மலத் தொலைச்சாக்கூட மொதல்ல இவ பையத்தான் கொட்டிப் பாக்குறாளுக. வயிறு எரியுதுக்கா எனக்கு.

ஓனரைக்கூட விட்டுருவேன். அவரு மலையாளி, அவருக்கு என்ன தெரியும். ஆனா பக்கத்துலயே நின்ன அந்தம்மா தமிழு. கோயம்புத்தூரு. அந்தப் புள்ள பூவைச் சொல்லுதுங்கன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லலியே! நாசமாப் போறவ. வருஷா வருஷம் பப்பாஞ்சிக்குத் தீ வெக்கும்போது ஊரு பீடையக் கொளுத்தும். நான் மனசுக்குள்ள அவளைத்தான் கொளுத்துவேன்.

இறங்கணுமா? எதுக்கு, இந்தா தெரு வந்துருச்சே.

அந்தா பாருங்க பப்பாஞ்சி, இன்னும் தொப்பி வெக்கல. சுத்தி நிக்கிறது பூரா எங்க தெரு ஆளுங்க. வெள்ள முண்டு கட்டிக்கிட்டு நிக்கிறாரே, அவருதான் அந்த ஓனர் சேட்டன். நாந்தான் வரச் சொன்னேன். பக்கத்துல நீலச் சுடிதாரு மகா. நேத்து அரண்மனை வாசல்ல உங்களை அந்தச் சங்கிலியோட பாத்துட்டு, ஹோட்டல் வரைக்கும் பின்னாடியே வந்து, எனக்குப் போன் பண்ணி ஒரே அழுகை. அதான் காலையிலேருந்து உங்க ஹோட்டல் வாசல்லயே வண்டியப் போட்டுக் கெடந்தேன்.

பயப்படாதீங்க, உங்க மேல ஒரு வெரல் படாது. அந்த மாங்கா பதக்கத்தை எதுக்குக்கா முந்தானையில மூடுறீங்க? வெளியவே கெடக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும். பெட்டிக்குள்ள கெடந்துச்சா, பையில கெடந்துச்சா, எனக்குத் தெரிய வேண்டாம். மகா எடுக்கலன்னு இறங்கி நின்னு தெருவுக்குச் சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க, மலையாளத்துல நான் எடுத்துச் சொல்லிக்கிடுறேன்.